பேஸ்மேக்கர் வைத்த பிறகும் அசதியா? வயதின் மேல் பழி போடாதீர்கள்

பேஸ்மேக்கர் வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது எல்லா ஆஸ்பத்திரியிலும் சொல்வது ஒன்றுதான்: இனிமேல் பயமில்லை. அது உண்மையும்கூட. மயங்கி விழுவது நின்றுவிடுகிறது. முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் தடுமாறிக்கொண்டிருந்த நாடி அறுபதில் வந்து நிலைக்கிறது. ஆனால் ஒரு மாதம், இரண்டு மாதம் போன பிறகும் சிலருக்கு உடம்பு தெம்பு கொள்வதில்லை. குளித்து முடித்து வந்தால் உட்காரத் தோன்றுகிறது. ஒரு மாடி ஏறினால் காலில் கல்லைக் கட்டியதுபோல் இருக்கிறது. வீட்டில் சொன்னால் “வயசாச்சு, ஆபரேஷன் வேற ஆயிருக்கு, அப்படித்தான் இருக்கும்” என்கிறார்கள். டாக்டரிடம் சொன்னால் “மெஷின் நல்லா வேலை செய்யுது” என்ற பதில் வருகிறது. இந்த இரண்டு பதிலையும் அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது. பேஸ்மேக்கருக்குப் பிறகு தொடரும் அசதிக்குப் பெரும்பாலும் தேடினால் கிடைக்கக்கூடிய காரணம் இருக்கிறது. அவற்றில் பல, கத்தி வைக்காமலே சரிசெய்யக்கூடியவை. தேடாமல் விடுவதுதான் பிரச்சினை.

இந்தக் கருவியின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விஷயம் எளிதாகப் புரியும். 1958 அக்டோபர் 8-ஆம் தேதி, சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஓகே சென்னிங் என்ற அறுவை மருத்துவர், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்த கருவியை ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் பொருத்தினார். உடலுக்குள் முழுமையாக வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுதான். சில மணி நேரமே ஓடியது. லார்சனுக்கு வாழ்நாள் முழுக்க மாற்றி மாற்றி மொத்தம் 26 கருவிகள் பொருத்தினார்கள். அவர் 2001-இல், 86-ஆவது வயதில், இதயத்தோடு சம்பந்தமில்லாத புற்றுநோயால் இறந்தார். அந்த முதல் தலைமுறைக் கருவிகளுக்குத் தெரிந்தது ஒரே வேலைதான்: படுத்திருந்தாலும் ஓடினாலும் மாறாத ஒரே வேகத்தில் துடிக்கவைப்பது. உயிர் நின்றது, அதுவே அன்றைக்குப் பெரிய சாதனை. இன்று வைக்கப்படும் கருவி அப்படிப்பட்டதல்ல. குறைந்தபட்ச வேகம், அதிகபட்ச வேகம், மேலறைக்கும் கீழறைக்கும் இடையே விடவேண்டிய இடைவெளி, உடல் அசைவுக்கு எவ்வளவு சீக்கிரம் வேகத்தைக் கூட்டுவது என்று மாற்றிக்கொள்ளக்கூடிய அமைப்புகள் அதற்குள் ஏராளம். கம்பெனியிலிருந்து வரும்போது அவை எல்லாருக்கும் பொதுவான ஒரு சராசரி அளவில் இருக்கும். ரெடிமேட் சட்டை வாங்கினால் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைக்கிறோம் அல்லவா, அதுபோல இதையும் ஆளுக்கேற்பப் பிடித்துத் தைக்கவேண்டும். அந்த இரண்டாவது வேலை நடக்காமலே போய்விடுகிற நோயாளிகள் நம் ஊரில் நிறையப் பேர்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடலாம். ஆரம்ப வாரங்களில் வரும் அசதி எல்லாமே ஆராய்ச்சிக்குரியது அல்ல. தோள்பட்டைக்குக் கீழே தோலைப் பிரித்துப் பை செய்து, ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் கம்பி விட்டிருக்கிறார்கள். காயம் ஆற உடம்பு உழைக்கிறது. இடது பக்கம் புரண்டு படுக்கப் பயந்து தூக்கம் கெடுகிறது. அதற்கு முன் பல மாதம் மெதுவாகத் துடித்த இதயத்தோடு வாழ்ந்ததில் தசைகளும் வற்றியிருக்கும். இதெல்லாம் சேர்ந்து முதல் இரண்டு மூன்று வாரம் சோர்வாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது திசை. போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சம் அதிக தூரம் நடக்க முடிகிறதா? முடிகிறது என்றால் சரியான பாதையில்தான் போகிறீர்கள். ஆறு வாரம் கழித்தும் அதே இடத்தில் நிற்கிறீர்கள், அல்லது முதலில் தெம்பு வந்து பிறகு மறுபடி சரிகிறது என்றால், அப்போது ‘பொறுத்துப் பார்ப்போம்’ என்று நாள் கடத்தக் கூடாது. மயக்கம், நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுமுட்டல், கால் வீக்கம், காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சிவப்பு அல்லது கசிவு, விடாத விக்கல் இவற்றில் ஏதாவது வந்தால் ஆறு வாரமெல்லாம் கணக்கே இல்லை. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விக்கல் என்றதும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கம்பி அனுப்பும் மின்தூண்டல் உதரவிதானத்தைத் தொட்டாலும், கம்பி இடம் நகர்ந்திருந்தாலும் அப்படி ஒரு விக்கல் வரும்.

“அதெல்லாம் சரி, நன்றாக ஓய்வெடுத்தால் தானாகத் தெளிந்துவிடும்” என்பது அடுத்து வரும் வாதம். அன்பினால் சொல்லப்படுவது என்பதால் மறுப்பதும் கடினம். ஆனால் இதற்கு எதிரான சான்று மிக வலுவானது. 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பரிசோதித்தார்கள். உழைப்பின்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரை மறுபடி அளந்தார்கள். முப்பது ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. அதன் பிறகு ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்தபோது, வயதினால் போனதாக நினைத்த திறனையும் அவர்கள் திரும்பப் பெற்றார்கள். ஐந்து பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான், ஆனால் அதன் பிறகு வந்த படுக்கை ஓய்வு ஆய்வுகளும் அதே திசையில்தான் பேசுகின்றன. இருபது வயது உடம்புக்கே இந்தக் கதி என்றால், எழுபது வயதில் ஒரு மாதம் கட்டிலோடு கிடப்பவர் எழும்போது கால் தள்ளாடுவதற்கு இதயத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பேஸ்மேக்கர் வைத்த பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதீர்கள், பளு தூக்காதீர்கள் என்று நான்கு முதல் ஆறு வாரத்துக்குச் சொல்வது கம்பி நகராமல் இருக்கத்தான். அதை வீட்டில் ‘கையையே அசைக்காதே, நடக்காதே’ என்று பெருக்கிக்கொள்கிறார்கள். விளைவு, தோள்பட்டை இறுகிப்போகிறது, காலில் பலம் போகிறது. நடப்பதற்கு எந்தத் தடையும் பொதுவாகச் சொல்லப்படுவதில்லை என்பதை வீட்டில் உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி கருவிக்கு வருகிறேன். உட்கார்ந்திருக்கும்போது சுகமாக இருக்கிறது, எழுந்து வேலை செய்தால்தான் அசதி என்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். நல்ல இதயம் உட்கார்ந்திருக்கையில் எழுபது துடித்தால், மாடி ஏறும்போது நூறைத் தாண்டும். தசைகள் கேட்கும் கூடுதல் ரத்தத்தை உடம்பு பெரும்பாலும் இந்த வழியில்தான் கொடுக்கிறது. இதயத்தின் இயற்கையான முடுக்கியான சைனஸ் முனை தளர்ந்துபோனதால் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு இந்த ஏற்றம் நடப்பதில்லை. கருவி அறுபதில் நிறுத்திவைத்தால், படியேறும்போதும் அறுபதுதான். இதற்காகவே கருவிக்குள் ஓர் உணரி இருக்கிறது. உடல் அசைவை வைத்து ‘ஆள் வேலை செய்கிறார்’ என்று ஊகித்து வேகத்தைக் கூட்டும். இந்த வசதியைப் பல நேரம் பொருத்தும் அன்று போடாமல், பிறகு தேவைப்பட்டால் போடலாம் என்று விட்டுவைப்பார்கள். பிறகு யாரும் கேட்பதில்லை, அது அணைந்தே கிடக்கிறது. போட்டிருந்தாலும் அந்த உணரிக்குத் தெரிந்தது அசைவு மட்டும்தான், உழைப்பு அதற்குத் தெரியாது. அசைவை அளக்கும் இத்தகைய உணரிகள் மாடிப்படி ஏறும்போது கூட்டுவதைவிட இறங்கும்போது அதிகம் கூட்டுவதுண்டு. இறங்கும்போதுதானே உடம்பு அதிகம் குலுங்குகிறது! மேடு பள்ளமான ரோட்டில் ஆட்டோவில் சும்மா உட்கார்ந்து வந்தாலே சிலருக்குத் துடிப்பு ஏறும். மாறாக, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து மெல்ல நடந்தாலோ, உட்கார்ந்து துணி துவைத்தாலோ, சைக்கிள் மிதித்தாலோ, மார்புப் பகுதி அதிகம் ஆடாததால் கருவி அதை உழைப்பாகவே எடுத்துக்கொள்ளாமல் போகலாம். மார்புக்குள் நுண்ணிய மின்னோட்டம் அனுப்பி மூச்சின் ஆழத்தையும் வேகத்தையும் அளக்கும் உணரிகளும் சில கருவிகளில் உண்டு. எந்த வகை உங்களுக்குள் இருக்கிறது, அது விழித்திருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

கேட்டால் பார்ப்பதற்கு வழியும் இருக்கிறது. சோதனை நாளில் கருவிக்கு மேல் ஒரு தலைப்பகுதியை வைத்து, மடிக்கணினி போன்ற புரோகிராமரில் விவரங்களை இறக்குவார்கள். அதில் துடிப்பு வேகங்களின் பட்டை வரைபடம் ஒன்று வரும். கீழே 50, 60, 70, 80 என்று வேகங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு வேகத்துக்கும் மேலே, கடந்த சில மாதங்களில் எத்தனை சதவீத நேரம் அந்த வேகத்தில் இதயம் துடித்தது என்று ஒரு பட்டை நிற்கும். நன்றாக நடமாடும் ஒருவரின் படத்தில் அறுபதில் உயரமாகத் தொடங்கி எழுபது, எண்பது, தொண்ணூறு என்று படிப்படியாகத் தாழ்ந்து வலப்பக்கம் நீளும். அசதி என்று சொல்பவரின் படத்தில் அறுபதில் மட்டும் ஒற்றைக் கம்பம் நிற்கிறது, வலப்பக்கம் காலி என்றால், பகலெல்லாம் அவர் என்ன வேலை செய்தாலும் இதயம் அசைந்துகொடுக்கவில்லை என்று அர்த்தம். உணரியைப் போட்டு, அங்கேயே வராந்தாவில் இரண்டு நடை நடக்கவைத்துத் துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்து அளவைத் திருத்தலாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, சில நிமிட வேலை.

வேறு மாதிரி ஒரு கோளாறும் உண்டு. சைனஸ் முனை நன்றாக இருந்து, கீழறைக்குப் போகும் மின்பாதை மட்டும் அடைபட்டவர்களுக்கு, மேலறையின் துடிப்பைப் பார்த்துக் கருவி கீழறையைத் துடிக்கவைக்கும். இதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருப்பார்கள். வயதில் இளையவர், வேகமாகப் படி ஏறுகிறார், மேலறை அந்த வரம்பைத் தாண்டுகிறது என்றால், கருவி சில துடிப்புகளை விட்டுவிடும். அமைப்பைப் பொறுத்து, துடிப்பு திடீரென்று பாதியாகவும் குறையலாம். நன்றாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு நடுவில் சட்டென்று கால் துவண்டு போவதுபோல் இருப்பதற்கு இது ஒரு காரணம். ‘எப்போது, என்ன செய்யும்போது’ என்பதை நோயாளி துல்லியமாகச் சொன்னால்தான் இதைப் பிடிக்க முடியும். பொதுவாக ‘டயர்டா இருக்கு’ என்று மட்டும் சொன்னால் யாராலும் பிடிக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் இருக்கிறது. ‘வேகத்தைக் கூட்டினால் தெம்பு வந்துவிடும் என்பது நிரூபணமான விஷயமா?’ இல்லை என்பதுதான் நேர்மையான பதில். உழைப்புக்கேற்பத் துடிப்பு ஏறாத 872 பேரை வைத்துச் செய்து 2007-இல் வெளியான அடெப்ட் என்ற ஆய்வில், உணரியைப் போட்டவர்களுக்குத் துடிப்பு ஏறியது, ஆனால் ஓராண்டு முடிவில் வாழ்க்கைத் தரத்தில் சராசரியாக வித்தியாசம் தெரியவில்லை. மறுபக்கம், 2023-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட மைபேஸ் ஆய்வில், இதயம் இறுகிப்போனதால் வரும் ஒருவகைச் செயலிழப்பு உள்ள சுமார் நூறு பேரில் பாதிப் பேருக்கு, அறுபது என்ற வழக்கமான குறைந்தபட்ச வேகத்தை உடல்வாகுக்கு ஏற்ப எழுபத்தைந்தையொட்டி உயர்த்தினார்கள். அவர்களுடைய நடமாட்டமும் நலமும் மேம்பட்டன. ஒரு சிறப்பு வகை நோயாளிகளை வைத்துச் செய்த சிறிய ஆய்வு அது, எல்லாருக்கும் பொருத்திவிட முடியாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குப் புரிவது இதுதான்: எல்லாருக்கும் ஒரே மாதிரி கூட்டுவதில் பலன் இல்லை, எல்லாருக்கும் அறுபதிலேயே விட்டுவைப்பதற்கும் ஆதாரம் இல்லை. யாருக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொருவரையும் மாற்றிப் பார்த்துத்தான் அறியவேண்டியிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் பழைய அளவுக்கே திருப்பிவிடலாம் என்பது இந்தச் சிகிச்சையில் உள்ள பெரிய வசதி.

அடுத்தது ஒற்றைக் கம்பிப் பேஸ்மேக்கர். இதைப் பற்றி நம் ஊரில் கூடுதலாகவே பேச வேண்டும், ஏனென்றால் செலவை முன்னிட்டு இங்கே பலருக்கும் இதுதான் வைக்கப்படுகிறது. இதயத்தின் மேலறை முதலில் சுருங்கி ரத்தத்தைக் கீழறைக்குள் தள்ளிவிட, அடுத்த நொடியின் ஒரு சிறு பகுதிக்குள் கீழறை சுருங்கும். ரத்த அழுத்தம் நெடுநாள் இருந்து இதயச்சுவர் தடித்துப்போனவர்களுக்கு இந்த மேலறைத் தள்ளல் மிகவும் தேவை. கீழறையில் மட்டும் கம்பி உள்ள கருவி, மேலறை என்ன செய்கிறது என்று பார்க்காமல் கீழறையைத் துடிக்கவைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கினால் மூடிய கதவில் மோதி ரத்தம் கழுத்து ரத்தக்குழாயை நோக்கித் திரும்பும். கழுத்தில் தட்டுவது போன்ற உணர்வு, தலை லேசாவது, ரத்த அழுத்தம் இறங்குவது, சொல்லத் தெரியாத ஒரு களைப்பு இவை சேர்ந்து வருவதை மருத்துவர்கள் பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் என்கிறார்கள். 1998-இல் வெளியான பேஸ் என்ற அமெரிக்க ஆய்வில், 65 வயதைக் கடந்த 407 பேருக்கு இரட்டைக் கம்பிக் கருவியே பொருத்தி, பாதிப் பேருக்கு அதை ஒற்றைக் கம்பி போல இயங்கவிட்டார்கள். அப்படி விடப்பட்டவர்களில் 26 சதவீதம் பேரை இந்தத் தொந்தரவுக்காகவே இரட்டை முறைக்கு மாற்ற வேண்டிவந்தது.

‘ஆனால் பெரிய ஆய்வுகளில் இரண்டுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லையே’ என்று இதய மருத்துவம் அறிந்தவர்கள் கேட்பார்கள். சரியான கேள்வி. 2002-இல் வந்த மோஸ்ட் ஆய்விலும், 2005-இல் பிரிட்டனில் எழுபது வயதைத் தாண்டியவர்களை வைத்துச் செய்த ஆய்விலும் இறப்பு விகிதம் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. ஒற்றைக் கம்பியும் உயிரைக் காக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. ஆகவே அது வைக்கப்பட்டவர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கத் தேவையில்லை. மேலறை நிரந்தரமாக ஒழுங்கற்று அதிர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒற்றைக் கம்பிதான் சரியான தேர்வும். ஆனால் உயிரோடு இருப்பதை மட்டும் அளந்த கணக்கு, எழுந்து நடமாடுபவரின் அசதிக்குப் பதில் சொல்லாது. நால்வரில் ஒருவர் தவிக்கிறார் என்பது சராசரியில் கரைந்துபோகும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் சராசரி உங்களுக்கு உதவாது. பேஸ்மேக்கர் சிண்ட்ரோம் இருக்கிறதா என்று சோதிப்பதும் சுலபம்: கருவி துடிக்கவைக்கும்போது ஒரு முறையும், இதயம் தானாகத் துடிக்கும்போது ஒரு முறையும் ரத்த அழுத்தம் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். சிலருக்கு, கருவியின் குறைந்தபட்ச வேகத்தைக் கொஞ்சம் இறக்கி, சொந்தத் துடிப்புக்கு இடம் விட்டாலே தெளிந்துவிடும். அங்கே கூட்டுவதில் தீர்வு இல்லை, குறைப்பதில் இருக்கிறது. அதனால்தான் அண்டை வீட்டுக்காரருக்கு என்ன அளவு வைத்தார்கள் என்று கேட்டு அதையே நாமும் வைக்கச் சொல்வது வீண்.

மாதங்கள் கழித்துப் புதிதாக அசதி தலைகாட்டினால் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வலது கீழறையின் நுனியிலிருந்தே துடிப்பு தொடங்கும்போது, இடது பக்கம் கொஞ்சம் தாமதமாகச் சுருங்குகிறது. பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் நாள் முழுக்கக் கருவியையே நம்பியிருக்கும் சிலருக்கு, காலப்போக்கில் இதயத் தசை பலவீனமாகலாம். கருவி எத்தனை சதவீதத் துடிப்பைக் கொடுக்கிறது என்பது சோதனைச் சீட்டிலேயே இருக்கும். அது அதிகமாக இருந்து, மூச்சிரைப்போடு அசதியும் வந்தால், பொருத்துவதற்கு முன் எடுத்த எக்கோவோடு ஒப்பிட ஒரு புதிய எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். இப்படித் தசை பலவீனமாவதைத் தவிர்க்கவே, இதயத்தின் இயற்கையான மின்பாதையிலேயே கம்பியைப் பதிக்கும் முறை 2017-க்குப் பிறகு வேகமாகப் பரவிவருகிறது. மதுரை வேலம்மாள் மருத்துவக் கல்லூரியிலிருந்தே இந்த முறை பற்றிப் பல ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆகவே இதற்கு வெளிநாடு போக வேண்டிய நிலைமை இல்லை.

கருவியை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பாதிக் காரணங்கள் தப்பிவிடும். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். துடிப்பு மெதுவாக இருந்த காலத்தில் கொடுக்கப் பயந்த பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை, பேஸ்மேக்கர் வைத்த பிறகு தைரியமாகத் தொடங்குவார்கள். படபடப்பு உள்ளவர்களுக்கு அது அவசியமும்கூட. ஆனால் அந்த மாத்திரைகளின் நன்கறிந்த பக்கவிளைவுகளில் ஒன்று அசதி. நீர் பிரியும் மாத்திரை வயதானவர்களுக்கு உடம்பில் சோடியத்தைக் குறைத்துச் சோர வைக்கும். இதயத் துடிப்பைச் சீராக்கத் தரும் அமியோடரோன் தைராய்டைக் கெடுக்கலாம். நெடுநாள் மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கும், சைவ உணவுக்காரர்களுக்கும் பி12 குறையலாம். ரத்தசோகையைச் சொல்லவே வேண்டாம்: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியதும் அது தானாகப் போய்விடும் என்று எதிர்பார்க்க முடியாது. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சோடியம், சர்க்கரை, கிரியாட்டினின் எல்லாம் ஊர் லேபிலேயே பார்க்கக்கூடியவை. இதைச் சொல்லும்போதே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். அளவைக் குறைக்கலாமா, இரவுக்கு மாற்றலாமா, வேறு வகை கொடுக்கலாமா என்று கேட்பதுதான் வழி.

“எல்லாம் மனசுதான், மெஷின் வெச்சிருக்கோம்னு நெனச்சு நெனச்சே சோர்ந்துபோறாங்க” என்று சொல்பவர்களும் உண்டு. உடலுக்குள் ஒரு கருவி, அது நின்றால் என்ன ஆகும் என்ற பயம், கை வைத்தால் தட்டுப்படும் மேடு இவையெல்லாம் ஒருவரைச் சோர்வில் தள்ளும் என்பது உண்மைதான். மனச்சோர்வு அசதியாகவே வெளிப்படும், குறிப்பாக வயதானவர்களிடம். ஆனால் மனச்சோர்வும் சிகிச்சைக்குரிய நோய். அதைக் காரணமாகச் சொல்பவர் அதற்கான மருத்துவரிடம் அழைத்துப் போகவும் வேண்டும். வெறுமனே ‘மனசு’ என்று சொல்லிக் கைகழுவுவது, தவிப்பவரைப் பேசவிடாமல் செய்வதில்தான் முடியும். அதிலும் வீட்டுப் பெண்கள் இரண்டாம் முறை அசதி என்று வாய்திறக்கவே தயங்குவார்கள்.

இப்போது ‘செக்கப்பில் எல்லாம் நார்மல்’ என்ற பதிலுக்கு வரலாம். பொருத்திய இரண்டிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு சோதனையும், பிறகு மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒரு முறையும் பார்க்கவேண்டும் என்பது நெறிமுறை. நம் ஊர்ப் பல ஆஸ்பத்திரிகளில் அந்த நாளில் கம்பெனி ஆள் புரோகிராமரோடு வருவார். வரிசையாக உட்காரவைத்துப் பார்ப்பார்கள். பேட்டரி எவ்வளவு மீதி, கம்பியின் மின்தடை சரியா, இதயத்தைத் துடிக்கவைக்க எவ்வளவு மின்னழுத்தம் தேவைப்படுகிறது என்ற மூன்றும் சரியாக இருந்தால் ‘நார்மல்’. இவை முக்கியமானவை, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவை கருவியின் உடல்நலத்தைப் பற்றிய விவரங்கள். உங்கள் உடல்நலத்தைப் பற்றிய கேள்வியை நீங்கள் கேட்டால்தான் அது அந்த அறைக்குள் வரும். கூட்டம் அதிகம், டாக்டருக்கு நேரமில்லை என்பதும் உண்மைதான். அதனால்தான் சொல்வதைச் சுருக்கமாக, அளந்து சொல்ல வேண்டும். ‘முன்பு நிற்காமல் இரண்டு மாடி ஏறுவேன், இப்போது பத்துப் படியில் நிற்கிறேன், ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தெளிகிறது’ என்று சொன்னால் எந்த மருத்துவரும் காது கொடுப்பார்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதை எடுத்து விரலில் மாட்டி, உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு எவ்வளவு, படி ஏறியதும் எவ்வளவு என்று வாரத்துக்கு இரண்டு முறை குறித்து வையுங்கள். அதுவே நல்ல ஆதாரம். அதில் அறுபதுக்குக் கீழே காட்டினால் உடனே பேஸ்மேக்கர் நின்றுவிட்டது என்று பதற வேண்டாம். இடையில் முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் பலவீனமாக இருந்தால் விரல் வரை எட்டாது, ஆக்சிமீட்டர் அவற்றை எண்ணாமல் விட்டுவிடும். அப்படித் தொடர்ந்து காட்டினாலோ கூடவே தலைசுற்றினாலோ போய் இசிஜி எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கொரு முறை மாட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டாம், அது கவலையைத்தான் வளர்க்கும்.

காரணம் தேடும் அதே நாட்களில் வாழ்க்கையையும் ஓட்டியாக வேண்டுமே. கனமான வேலைகளை ஒரே காலையில் முடித்துவிடும் பழக்கத்தை மாற்றிப் பிரித்துச் செய்யுங்கள். ஒரு வாளித் துணியை ஒரே மூச்சில் கொடியில் காயப்போடுவதற்குப் பதில், இடுப்பளவு உயரத்தில் ஸ்டாண்டில் காயப்போட்டால் கைக்கும் நல்லது, மூச்சுக்கும் நல்லது. குளித்ததும் சமையல், சமைத்ததும் கடை என்று அடுக்காமல் நடுவில் கால் நீட்டி உட்காருங்கள். பகல் தூக்கம் அரைமணிக்குள் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் இரவுத் தூக்கத்தைத் தின்னும். தினமும் நடங்கள், கூட வருபவரோடு பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில். பேச்சு தடைபட்டால் வேகத்தைக் குறையுங்கள். முதலில் வீட்டு வாசல் முதல் தெருமுனை வரை போதும். பத்து நிமிடம் சுலபமாக வந்த பிறகு இரண்டு நிமிடம் கூட்டுங்கள். அடுத்த நாள் முழுக்கக் கட்டிலில் கிடக்கும்படி ஆகிறது என்றால் முந்தைய நாள் அளவு அதிகம். இதய மறுவாழ்வுப் பயிற்சி இருக்கும் ஆஸ்பத்திரி அருகில் இருந்தால் கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள், கண்காணிப்போடு நடப்பதில் பயம் சீக்கிரம் விலகும்.

அடுத்த சோதனைக்குப் போகும்போது பேஸ்மேக்கர் அட்டை, எல்லா மாத்திரைச் சீட்டுகள், துடிப்பு குறித்து வைத்த தாள் மூன்றையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். உணரி போடப்பட்டிருக்கிறதா, பட்டை வரைபடம் என்ன சொல்கிறது, கீழறை எத்தனை சதவீதம் கருவியால் துடிக்கிறது, இந்த மாத்திரைகளில் அசதி தருவது எது என்ற நான்கு கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பதில் கிடைக்காமல் எழுந்து வராதீர்கள்.